நடப்பவர்களின் பிரதிநிதி

சுங்கை லெம்பாய் பழைய இரும்புப் பாலத்தில் நடப்பவர்களுக்கு நான் பதினொரு மாதம் பிரதிநிதியாக இருந்தேன். அந்தப் பதினொரு மாதத்தில் அந்தப் பாலத்தில் ஒரு மணி நேரம்தான் ஆட்கள் நடந்தார்கள். அவர்களும் ஜொகூர் பாருவிலிருந்து பஸ்ஸில் கொண்டுவரப்பட்டவர்கள். நான் பதவிக்கு வருவதற்கு முன்பு எழுபது எண்பது வருடமாக எல்லோரும் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். இந்த இரண்டு விஷயங்களுக்கும் தொடர்பு இல்லை என்று பாலத்தைப் பராமரிக்கும் செயலகத்தில் சொல்வார்கள். தொடர்பு இருக்கிறது. அது நான்தான்.

எங்கள் குடியிருப்பான தாமான் ஆற்றுக்கு இந்தப் பக்கம். கடைத்தெரு, கிளினிக், பாலர் பள்ளி, மூவார் பஸ் நிற்கும் இடம் எல்லாம் அந்தப் பக்கம். நடுவில் வெள்ளைக்காரன் காலத்து இரும்புப் பாலம். ஒரு காலத்தில் மூவார் சாலையின் லோரிகள் எல்லாம் அதில்தான் ஒன்றுக்கொன்று வழிவிட்டுப் போயின. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது பக்கத்திலேயே ஆறு தடத்தில் ஒரு சிமெண்டுப் பாலம் வந்தது. அதில் நடப்பதற்கு ஓரத்தில் ஒரு முழம்கூட விடவில்லை. ஏன் விடவில்லை என்று கேட்டோம். நடப்பவர்களுக்குத்தான் பழைய பாலம் இருக்கிறதே என்றார்கள். பழைய பாலத்தை இரும்புக்கு விற்கப்போவதாகச் சொல்கிறார்களே என்று கேட்டோம். நடப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்கள்.

அப்படிப் பார்க்க வந்த காலைவேளையில்தான் நான் மாட்டினேன்.

எனக்கு மூவாரில் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் வேலை. வார்னிஷ் அடிக்கும் பகுதி. இருபது வருடமாக மோட்டாரில்தான் போய் வருகிறேன். வீட்டிலிருந்து முச்சந்தியில் இருக்கும் கோயிலுக்குக்கூட மோட்டாரில்தான் போவேன். அன்றைக்கு டயர் பஞ்சராகி, வண்டியை அக்கரைக் கடையில் விட்டுவிட்டுப் பாலத்தின் மீது நடந்து வந்துகொண்டிருந்தேன். பாலத்தின் நடுவில் ஒரு குடை, ஒரு மடக்கு மேசை, மூன்று நாற்காலிகள். நடு நாற்காலியில் யோகேந்திரன் சார் உட்கார்ந்திருந்தார். பொதுப்பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பாரம்பரிய நடைப்பாலச் செயலகம் என்று புதிதாகத் தொடங்கிய அமைப்புக்கு அவர்தான் செயலாளர்.

எனக்கு எதிரே ராசம்மா அக்கா வந்துகொண்டிருந்தார். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு. அக்கரைப் பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சி, தரை துடைத்து, பாத்திரம் கழுவுகிற வேலை. பதினெட்டு வருடமாகத் தினமும் அந்தப் பாலத்தைக் காலால் கடந்தவர். அன்றைக்கு எதையோ மறந்துவிட்டு வீட்டுக்கு வந்து, மறுபடியும் ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்.

“அம்மா, கொஞ்சம் நில்லுங்கோ. ஒரு கணக்கெடுப்பு” என்றார் யோகேந்திரன் சார்.

“நேரமாச்சு சார். பிள்ளைங்க பசியோட இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே ராசம்மா அக்கா அவரைத் தாண்டிப் போனார்.

சார் படிவத்தில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன். ‘ஒத்துழைக்க மறுத்தார். நடப்பவர் எனக் கொள்ள இயலாது.’ அக்காவுக்குப் பின்னால் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் ஓடினார்கள். பலகை ஆலையில் வேலை செய்யும் நேப்பாளிகள் இரண்டு பேர் வேகமாகப் போனார்கள். அவர்களையும் அப்படியே எழுதினார். நடப்பவர்கள் நிற்கவில்லை. நின்றது நான் மட்டும்தான். மோட்டார் இல்லாததால் எனக்கு அவசரமில்லை.

“தம்பி, நீர் இந்தப் பாலத்தில நடக்கிற ஆளோ?”

“ஆமாம் சார்” என்றேன்.

இதை விளக்க வேண்டும். என் அப்பா தோட்டத்தில் பால் மரம் சீவியவர். விடியற்காலையில் ஆள் எடுக்கும் பிரட்டில், கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போது, பேர் முடிவதற்கு முன்பே ‘ஆமாங்கய்யா’ என்று சொல்லிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் அன்றைக்குப் பேர் இல்லை, கூலியும் இல்லை. தோட்டமே இல்லாமல் போய் முப்பது வருடமாகிறது. அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. கோப்போடு ஒருவர் நிமிர்ந்து பார்த்தால் எங்கள் வீட்டில் முதலில் ஆமாம், பிறகுதான் கேள்வி.

“ஒவ்வொரு நாளும் நடக்கிறீரோ?”

“ஆமாம் சார்.”

“கனகாலமாகவோ?”

“ஆமாம் சார்.”

அவர் பேனாவை மூடினார். “ஒரு நடப்பவர் போதும். பாலம் தப்பிச்சுது” என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நான் நடப்பவர்களின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டிருந்தேன். கோயில் நிர்வாகத்தில் பத்து வருடமாகச் செருப்பு டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மேல் என்னை யாரும் ஏற்றவில்லை. என் மனைவி பிரேமலா கடிதத்தை மூன்று தரம் படித்தாள்.

“உங்களுக்குத்தான் மோட்டார் இருக்கே?” என்றாள்.

“பிரதிநிதிக்கு அதெல்லாம் பார்க்கமாட்டாங்க.”

“அப்ப சொல்லிட வேண்டியதுதானே?”

“சொல்லலாம் லா. முதல் கூட்டம் முடியட்டும்.”

அதற்குள் அவளுடைய தம்பி ஒரு பேனர் அடித்து முச்சந்தியில் கட்டிவிட்டான். அதில் நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன். ராசம்மா அக்கா அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, நல்லாயிரு என்று சொல்லி ஒரு டப்பா முறுக்கு கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன்.

முதல் கூட்டம் ஜொகூர் பாருவில், நெடுஞ்சாலை வளைவில் இருக்கும் ஒரு ஹோட்டலின் பதினான்காவது மாடியில் நடந்தது. அந்த ஹோட்டலுக்கு நடந்து போக வழி கிடையாது. நடப்பவர்களைப் பற்றிப் பேச வந்த பத்தொன்பது பேரும் காரில் வந்திருந்தார்கள். காரை நிறுத்துவதற்கு இடம் போதாமல் இருப்பதைப் பற்றி முதல் அரை மணி நேரம் பேசினார்கள். என்னை யோகேந்திரன் சார் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். வழியில், “நீர் கனதூரம் நடக்காமல் வந்திட்டீர், கால் என்ன செய்யுது?” என்று பரிவோடு விசாரித்தார். பரவாயில்லை சார் என்றேன்.

தலைவர் டத்தோ பட்டம் வாங்கியவர். மலாயில் பேசினார். யோகேந்திரன் சார் எனக்காகத் தமிழில் சொன்னார். எனக்கு மலாய் நன்றாகவே தெரியும். அவர் சொல்ல ஆசைப்பட்டதால் கேட்டுக்கொண்டேன்.

“தலைவர் என்ன சொல்றார் எண்டால், நடப்பவர் யார் எண்டதை முதலில நாங்கள் வரையறுக்க வேணும். வேலைக்கு நடந்து போறவர் நடப்பவர் இல்லை. அவர் வேலைக்குப் போறவர். பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற பிள்ளை மாணவர். சந்தைக்கு நடக்கிறவர் வாடிக்கையாளர். இவையளுக்குப் பாலம் ஒரு வழி மட்டும்தான். பாலத்துக்காகவே நடக்கிறவர்தான் பாரம்பரிய நடப்பவர்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு அம்மா எழுந்து, வேலைக்குப் போகிறவர்கள் பாலத்தைப் பயன்படுத்துகிறார்கள், பயன்படுத்தினால் தேய்மானம், தேய்மானம் பாரம்பரியத்துக்கு எதிரி என்று புள்ளிவிவரத்தோடு சொன்னார். நடப்பவர்களுக்காகப் பாலத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நடப்பவர்களிடமிருந்து அதைக் காப்பாற்றியாக வேண்டும் என்று தலைவர் முடித்தார். கைதட்டல் அடங்க நேரமானது.

“நடப்பவர்களின் கருத்து?” என்று என் பக்கம் திரும்பினார்கள்.

“ஆமாம் சார்” என்றேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை பாலத்தின் வாசலில் ஆள் உயரத்துக்குக் கம்பிக் கதவு வந்தது. மூடப்பட்டது என்று யாரும் சொல்லவில்லை. செயலகத்தில் அந்தச் சொல்லே கிடையாது. பலகையில் நான்கு மொழியிலும் இப்படி எழுதியிருந்தது: ‘இந்தப் பாலம் நடப்பவர்களுக்காகத் திறந்திருக்கிறது. தற்போது ஓய்வில் இருக்கிறது.’

எடை அதிகமாகிவிடக் கூடாது என்று ஆட்களை நிறுத்திய பிறகு, பாலத்தின் எடை தாங்கும் திறனை ஆராய்வதற்கு ஓர் அலுவலகம் தேவைப்பட்டது. குளிர்சாதனம் வைத்த கொள்கலன் ஒன்றை லோரியில் ஏற்றி, அந்த லோரியைப் பாலத்தின் நடுப்பகுதி வரைக்கும் ஓட்டிப்போய் இறக்கினார்கள். பிறகு ஜெனரேட்டர் வந்தது. பிறகு எட்டுப் பேர் உட்காரும் மேசை வந்தது. சராசரி நடப்பவரின் எடை என்ன என்று அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து மூன்று மாதம் ஆராய்ந்தார்கள். என்னை இரண்டு முறை தராசில் ஏற்றினார்கள். இரண்டாவது முறை இரண்டு கிலோ கூடியிருந்தேன். கூட்டத்தில் கொடுத்த கறி பாப் பலகாரம்தான் காரணம். நடப்பவர்களின் எடை கூடிக்கொண்டே போகிறது, ஓய்வை நீட்டிக்க வேண்டும் என்று அறிக்கை எழுதினார்கள்.

வாசலுக்குக் காவல் போட்ட ஜாகா, கமலநாதன் என்ற பழைய பட்டாளத்துக்காரர். மோட்டாரில் வேலைக்குப் போகிறபோது எனக்கு சல்யூட் அடிப்பார். நான் ஹாரன் அடிப்பேன்.

மாதக் கடைசியில் ஒரு தாள் வரும். ‘இம்மாதம் முழுவதும் பாலம் நடப்பவர்களுக்குத் திறந்திருந்தது என்றும், இடையூறு குறித்து நடப்பவர்கள் எவரும் முறையிடவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.’ கீழே என் பேர், என் கையெழுத்துக்கு ஒரு கோடு. முதல் மாதம் மட்டும் யோகேந்திரன் சாருக்கு போன் போட்டேன்.

“சார், கதவு பூட்டியிருக்கே, திறந்திருந்ததுன்னு எப்படி சார்?”

“தம்பி, பூட்டு கதவிலதான் கிடக்குது. பாலத்தில பூட்டு இல்லை. பாலத்தை ஆராவது பூட்டேலுமோ? நீர் படிச்சுப் பாரும், பாலம் எண்டுதானே எழுதியிருக்குது.”

படித்துப் பார்த்தேன். பாலம் என்றுதான் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது மாதம் போன் போடவில்லை. மூன்றாவது மாதம் படிக்கவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் சாயந்தரம் ராசம்மா அக்கா எங்கள் வீட்டு கேட் ஓரமாக வந்து நின்றார்.

“தம்பி, பாலத்த எப்பப்பா திறப்பாங்க?”

“தற்காலிகம்தான் அக்கா. ஓய்வுல இருக்கு.”

“அதுக்கென்ன ஓய்வு? நான்தானே நடக்கறேன்.” சிரித்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, “காலைல ஆறு மணிக்குப் பஸ் இல்ல. புதுப் பாலத்துல நடக்க எடமில்ல, வேற வழியா சுத்திக்கிட்டுப் போனா பதினொரு கிலோமீட்டர். நீ வேலைக்குப் போறப்ப என்னய அந்தப் பக்கம் இறக்கிவிட முடியுமாப்பா?” என்றார்.

“எனக்கு எட்டு மணிக்குத்தான் வேலை அக்கா. ஏழரைக்குத்தான் கிளம்புவேன்.”

“ஆமா ஆமா, நீ தூங்குற நேரம். நான் பாத்துக்கறேன்” என்று போய்விட்டார்.

ஒரு மணி நேரம் முன்னால் எழுந்திருந்தால் போதும். பத்து நிமிட வேலை. அதை நான் செய்யவில்லை. செயலகம் செய்யச் சொல்லவில்லை என்றோ, தடுத்தது என்றோ சொல்ல முடியாது. இந்த இடத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அவர் பார்த்துக்கொண்ட விதம், சிமெண்டுப் பாலத்தின் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே, தடுப்புக் கம்பியில் முதுகை உரசிக்கொண்டு, டிரெய்லர் வரும்போதெல்லாம் நின்று நின்று நடப்பது. ஒருநாள் காலை வேலை சீக்கிரம் இருந்ததால் நானே பார்த்தேன். தூக்குச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். நிறுத்தியிருக்கலாம். பின்னால் லோரி வருகிறது, நிறுத்தினால் ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். லோரி வந்ததென்னவோ உண்மை.

எட்டாவது மாதம் பாலத்துக்குத் திறப்பு விழா. ஏற்கெனவே திறந்திருக்கும் பாலத்துக்கு எப்படித் திறப்பு விழா என்று நான் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் தேறியிருந்தேன். பந்தல், கொம்பாங் மேளம், உறுமி, சிங்க நடனம், எல்லாம் இருந்தன. இருநூறு பாரம்பரிய நடப்பவர்கள் குளிர்சாதனப் பஸ்களில் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை, இரும்புக்குத் தேய்மானம் வராதபடி காலுறை. தலைவர் பாலத்தை முழுவதும் நடந்து கடப்பார் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. வெயில் ஏறிவிட்டதால் மின்சார வண்டியில் நடந்து கடந்தார். செய்திக்குறிப்பில் அப்படித்தான் வந்தது.

எங்கள் தாமான்காரர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். ராசம்மா அக்கா நன்றாக ஒரு சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். இன்றோடு திறந்துவிடுவார்கள் என்று நம்பி வந்திருந்தார். விழாத் தொண்டராக நின்ற ஒரு பிள்ளை அவரிடம் அந்தச் சட்டை இல்லாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று மரியாதையாகச் சொன்னது.

தலைவர் பேசினார். “நாங்கள் இந்தப் பொறுப்பை எடுத்தபோது இந்தப் பாலத்தில் கண்டவர்கள் கண்ட நேரத்தில் போய் வந்துகொண்டிருந்தார்கள். விடியற்காலையில்கூட! யாருக்கும் பதிவு இல்லை, ஒழுங்கு இல்லை. இன்றைக்குப் பாருங்கள். எட்டு மாதத்தில் ஒரு விபத்து உண்டா? ஒருவர் வழுக்கி விழுந்தது உண்டா? உலகத்திலேயே பாதுகாப்பான நடைப்பாலம் இதுதான் என்று நான் துணிந்து சொல்வேன்.”

அடுத்து நான் பேச வேண்டும். யோகேந்திரன் சார் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் ராசம்மா அக்கா என்னைப் பார்த்துத் தலையசைத்தார். தாளை மடித்து வைத்துவிட்டு, இந்தம்மாதான் நடப்பவர், நான் மோட்டார்க்காரன் என்று இரண்டே வாக்கியம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நிஜமாகவே நினைத்தேன். அதற்குள் தோளில் ஒரு பொன்னாடை விழுந்தது. பொன்னாடை விழுந்த பிறகு எங்கள் ஆட்கள் யாரும் அந்த மாதிரிப் பேசியதில்லை. தாளில் இருந்ததையே படித்தேன். ‘நாங்கள் நடப்பவர்கள் மிகவும் நன்றியுள்ளவர்கள்’ என்று தொடங்கியது.

பதினொரு மணிக்குப் பஸ்கள் கிளம்பின. பதினொன்றே காலுக்குப் பாலம் மறுபடியும் ஓய்வுக்குப் போனது.

இது நடந்து மூன்றாவது வாரம், காலை ஆறு பத்துக்கு, சிமெண்டுப் பாலத்தில் ஒரு லோரியின் கண்ணாடி ராசம்மா அக்காவின் தோளில் பட்டது. விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்தது. லோரி நிற்கவில்லை. பின்னால் மீன் ஏற்றி வந்தவர்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அன்றைக்கு அக்காவைப் பார்க்கப் பிரேமலாதான் போனாள். எனக்கு வேலை இருந்தது. வேலை இல்லாவிட்டாலும் போயிருக்க மாட்டேன்.

அவர் வீடு திரும்பிய வாரத்திலேயே செயலகத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. நடப்பவர்களுக்கென்று ஒரு பாலம் திறந்திருக்க, அதைப் புறக்கணித்து வாகனப் பாலத்தில் நடந்து பாரம்பரிய வட்டாரத்தின் விபத்தில்லாப் பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியது ஏன் என்று விசாரணை. பாலர் பள்ளி மேலாளர் நல்ல மனிதர். தவறு ராசம்மா மேல் இல்லை என்று விசாரணை முடிவுக் கடிதத்தில் வந்தால் கால் தேறும் வரை வேலையை வைத்திருக்கிறேன், தவறு அவர் மேல் என்று வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, பிள்ளைகள் இருக்கும் இடம் என்று சொல்லியிருந்தார். ஆகவே எல்லாம் அந்த ஒரு கடிதத்தில் இருந்தது. கடிதம் என் வாயில் இருந்தது.

விசாரணை பாலத்தின் மேலிருந்த கொள்கலனில் நடந்தது. ராசம்மா அக்காவைக் கம்பிக் கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பாலம் ஓய்வில் இருப்பதால் அவரை உள்ளே விட முடியவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் ஜாகா கமலநாதன் அவரிடம் கொண்டுபோய்க் கேட்டு, பதிலைக் கொண்டுவந்து சொன்னார். பாலத்தைத் தாண்டும் பழக்கம் உண்டா? உண்டு. ஏன் அன்று தாண்டவில்லை? கதவு பூட்டியிருந்தது. கதவைப் பற்றிக் கேட்கவில்லை, பாலத்தைப் பற்றிக் கேட்டோம். இதற்கு அவர் கதவையே கைகாட்டுகிறார் என்று கமலநாதன் வந்து சொன்னார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். இரவெல்லாம் பிரேமலா எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். “போனதும் சொல்லிடுங்க. கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.” அவளுக்கு என்னைத் தெரியும்.

நான் உட்காருவதற்குள் யோகேந்திரன் சார் ஒன்பது தாள்களை மேசையில் பரப்பினார்.

“தம்பி, இது எல்லாம் உம்மட கையெழுத்துத்தானே?”

“ஆமாம் சார்.”

“அவ்வளவுதான். போகலாம்.”

அவர் கேட்டது உண்மை. நான் சொன்னதும் உண்மை. அடுத்த கேள்வி வரும், கதவு திறந்திருந்ததா என்று கேட்பார், அப்போது சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஒருவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். ஒரு கறி பாப் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கையில் அதோடுதான் ராசம்மா அக்காவைத் தாண்டி வெளியே வந்தேன்.

கடிதம் வந்தது. தவறு ராசம்மாவுடையது. ‘எனினும் நடப்பவர்களின் பிரதிநிதி திரு. லோகேஸ்வரன் அவர்களின் கருணைமிகு வேண்டுகோளை ஏற்று அவர் மன்னிக்கப்படுகிறார்.’ அப்படி ஒரு வேண்டுகோளை நான் வைக்கவே இல்லை. என்னைக் கௌரவப்படுத்துவதற்காக சார் தானாகச் சேர்த்திருந்தார். பாலர் பள்ளியில் வேறு ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். ராசம்மா அக்கா பிரேமலாவிடம் சொல்லி அனுப்பினார்: “லோகா பேசினதாலதான் இதோட விட்டாங்க. அவனுக்கு ரொம்ப நன்றின்னு சொல்லு.”

பிரேமலா அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. அதற்கடுத்த மாதமும் தாள் வந்தது. கை பழக்கத்தில் போட்டுவிட்டது. அதற்கு அடுத்த மாதத் தாளைத்தான் கிழித்தேன்.

கிழித்த மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்து கம்பிக் கதவுக்குப் போனேன். கெஞ்சிக் கேட்பது, கேட்காவிட்டால் சண்டை போடுவது என்று நினைத்துக்கொண்டு போனேன். பூட்டை உடைக்க ஒரு சுத்தியல்கூட எடுத்துப் போயிருந்தேன். கமலநாதன் சல்யூட் அடித்தார்.

“அண்ணே, இந்தக் கதவைத் திறங்க” என்றேன்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். “இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க.” போட்டேன். அவர் சாவியை எடுத்துத் திறந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. “அவ்வளவுதானா?”

“விதியிலேயே இருக்கு சார். பிரதிநிதி நேர்ல வந்து கையெழுத்துப் போட்டா திறக்கணும்னு. புத்தகத்தோட முதல் பக்கமே அதுதான். பத்து மாசமா தினம் மோட்டார்ல போறீங்க, ஒரு நாளாவது நிறுத்தி கேப்பீங்கன்னு பாத்தேன்” என்றார். அவர் குத்திக்காட்டவில்லை. காவல்காரர் நடந்ததைச் சொன்னார்.

கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு நின்றேன். ஆறு மணியானது. ஆறரையானது. யாரும் வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளை வேனில் சேர்த்துவிட்டிருந்தார்கள். நேப்பாளிகளை ஆலைக்காரன் அக்கரை விடுதிக்கே மாற்றிவிட்டான். மற்றவர்கள் கடன் வாங்கி ஒரு பழைய மோட்டாரை வாங்கிவிட்டார்கள், அல்லது அந்தப் பக்க வேலையை விட்டுவிட்டார்கள். மீதி இருந்த ஒரே ஒரு நடப்பவர் தொடையில் கம்பி வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஏழு மணிக்குக் கமலநாதன், “பூட்டவா சார்?” என்றார்.

அங்கிருந்து நேராக ராசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். வாசல் கூடத்தில் காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார்.

“வாப்பா. வேலைக்குப் போகல?”

உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் நடந்தவன் இல்லை, ஒரு நாள் டயர் பஞ்சர் ஆனதைச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் கையெழுத்துப் போட்டதைச் சொன்னேன். விசாரணையில் உங்களுக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று சொன்னேன். நான் போய்க் கேட்டிருந்தால் முதல் நாளே கதவு திறந்திருக்கும், எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்று சொன்னேன். அவர் நெத்திலியின் தலையைக் கிள்ளி ஒரு பக்கம், உடலை ஒரு பக்கம் போட்டுக்கொண்டே கேட்டார்.

“என்னைத் திட்டுங்க அக்கா” என்றேன்.

அவர் கிள்ளிய தலைகளை ஓரமாகத் தள்ளினார்.

“கதவு போட்ட ரெண்டாவது வாரமே நம்ம தாமான்ல எல்லாரும் சேர்ந்து மனு எழுதினாங்க, உனக்குத் தெரியாது. பேப்பர்காரனக்கூட கூட்டியாறதா இருந்தாங்க. நான்தான் வேணாம்னேன்.”

“ஏங்கா?”

“நம்ம லோகா உள்ள இருக்கானே, அவன் பாத்துக்குவான்னு சொன்னேன். நாம இங்க சத்தம் போட்டா உன் பேரு கெட்டுப்போயிடும்னு எனக்குப் பயம்.” தட்டில் மிச்சமிருந்த நெத்திலியைக் கையால் ஒதுக்கிக் கூட்டினார். “அந்த டத்தோ யாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. அந்தப் பெரிய சாரையும் தெரியாது. அவங்க மேல எனக்கு என்ன கோவம் வரப்போவுது? எனக்குத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.”

நான் எழுந்திருக்கவில்லை. அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அடுத்த நெத்திலியை எடுத்துக் கிள்ளினார்.